சோனாப்பூரில் கற்ற அரபி

விமானத்தில் கடைசி வரிசை கிடைத்தால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். பின்னால் ஆள் இல்லை. பதினாறு வயதிலிருந்து கால்பந்தில் சென்டர் பேக் ஆடுகிறேன். அதாவது, கோல்கீப்பருக்கு முன்னால் கடைசியாக நிற்கிற ஆள். எதிரே வருகிறவளிடம் பயமில்லை, அவள் கண்ணுக்குத் தெரிகிறாள். முதுகுக்குப் பின்னால் நழுவுகிறவள்தான் ஆபத்து. அந்தப் பழக்கத்தில் கல்யாணப் பந்தியில்கூடச் சுவரோரமாகப் பார்த்துத்தான் உட்காருவேன்.

பக்கத்து இருக்கையில் பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர். ஷார்ஜாவில் துணிக்கடை வைத்திருக்கிறாராம்.

"எங்கம்மா போறீங்க? நர்ஸ் வேலையா?"

"இல்லண்ணே. ஃபுட்பால்."

"ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கவா?"

"ஆடுறதுக்கு."

மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, தன் தட்டிலிருந்த கேக்கை எடுத்து என் தட்டில் வைத்தார். கேக்கைத் தின்றுவிட்டேன். கேள்வி மட்டும் இறங்கும்வரை கூடவே இருந்தது.

முப்பத்துமூன்று வயது. இடது முட்டியில் ஒரு தழும்பு. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித்தோப்பு ஊரிலிருந்து கிளம்பி இம்பால், புவனேஸ்வர், கொல்கத்தா, கோவா, காத்மாண்டு, மாலே, தாஷ்கண்ட் என்று ஆடியிருக்கிறேன். சுற்றிப் பார்த்தாயா என்று ஊரில் கேட்பார்கள். எல்லா ஊரிலும் நான் பார்த்தது ஒரு மைதானம், ஒரு ஹாஸ்டல், இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ். தாஷ்கண்ட்டில் பனி பெய்ததைப் பார்த்தேன், அதையும் மைதானத்தில் நின்றுதான்.

ஊர் ஊராகப் போகிற டிஃபெண்டருக்கு ஒரு வேலை உண்டு. புது அணியில் சேர்ந்த அன்றைக்கே அவர்கள் பாஷையில் நாலு சொல் கற்றுக்கொள்ள வேண்டும். 'மேலே போ', 'பின்னால ஆள்', 'விடு', 'பார்'. மைதானம் முழுக்கக் கண்ணில் படுவது கடைசியில் நிற்கிற எனக்கும் கோல்கீப்பருக்கும்தான். நான் கத்தாவிட்டால் முன்னால் நிற்கிறவர்களுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது. கொல்கத்தாவில் 'பேச்சோனே', காத்மாண்டுவில் 'பச்சாடி', தாஷ்கண்ட்டில் 'ஒர்கதா'. எல்லாமே 'பின்னால'தான். தண்ணீர் கேட்கத் தெரியாமல் ஒரு வாரம் சைகையில் ஓட்டியிருக்கிறேன். 'பின்னால ஆள்' சொல்லத் தெரியாமல் ஒரு நாள்கூட ஆடியதில்லை.

இந்த முறை அந்த விஷயத்தில் அசட்டையாக இருந்துவிட்டேன். துபாயில் எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

போன சீசனில் எந்த அணியும் என்னைக் கூப்பிடவில்லை. அம்மா பக்கத்து டவுனில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் துபாயில் ஒரு பெண்கள் அணிக்கு சென்டர் பேக் வேண்டும் என்று பழைய கோச் ஒருவர் மூலம் தகவல் வந்தது. இருக்கிற ஒருத்திக்குக் கால் உடைந்துவிட்டது. ஒரே ஓர் இடம். வியாழக்கிழமை பயிற்சியில் பார்ப்பார்கள், சனிக்கிழமை ஆட்டத்தில் பார்ப்பார்கள், அன்றைக்கே முடிவு. டீச்சர் வேலை கேவலமில்லை. எனக்கு இன்னும் ஆட வேண்டும், அவ்வளவுதான். இது கிடைக்காவிட்டால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

தங்கியது அஜ்மானில், கல்லூரி ஹாஸ்டலில் என் அறையில் இருந்த மும்தாஜ் வீட்டில். காயல்பட்டினத்துக்காரி. கணவர் ஜமால் அண்ணன் கீழே மளிகைக்கடை வைத்திருக்கிறார். மேலே இரண்டாவது மாடியில் வீடு. போன அன்று இரவே நெய்ச்சோறு, கறி, இனிப்புக்குத் தனியாக ஒரு தட்டு.

"மேட்சு இருக்குடி, இவ்வளவு எண்ணெய் ஆகாது" என்றேன்.

"பொரிச்சதெல்லாம் ஒனக்கு ஆகாதுன்னுதான் நெய்ல செஞ்சேன்" என்றாள் மும்தாஜ். தின்றேன். அவளுடைய மகள் ஹனா என் பூட்ஸின் அடியிலிருந்த குமிழ்களை எண்ணிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் இதைப் போட்டு நடந்தால் தரை கெட்டுவிடும் என்று இங்கிலீஷில் எச்சரித்தாள். தமிழில் கேட்டால் புரிகிறது, பதில் மட்டும் இங்கிலீஷில் வருகிறது.

ஜமால் அண்ணனின் ஊரே கால்பந்துப் பைத்தியம். அவருக்கும் அது கொஞ்சம் உண்டு. வியாழக்கிழமை தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். "பஸ்ஸு கிஸ்ஸுன்னு அலையாதீங்கோ தங்கச்சி. இந்த ரோடு எனக்கு உள்ளங்கை ரேகை மாதிரி."

உள்ளங்கை ரேகை ஷார்ஜாவைத் தாண்டுவதற்குள் மடங்கிவிட்டது. வாடகை குறைவென்று அஜ்மானில் குடியிருந்துகொண்டு துபாயில் வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை அன்று சாலையில் நேரிலேயே பார்த்தேன். அது அவர்கள் திரும்புகிற நேரம். எதிர்ப்பக்கம்தான் அடைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு லாரி நின்றுபோய், இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. டெலிவரி வேனின் பின்னால் வெங்காய மூட்டைகள். முன்னால் நான், பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு. சென்னைப் போக்குவரத்தில் வண்டிகளுக்கு நடுவில் சந்து கிடைக்கும், யாராவது புகுந்து போவார்கள். இங்கே எல்லோரும் கோடு போட்ட மாதிரி ஒழுங்காக நின்றார்கள். அந்த ஒழுங்கைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் ஏறியது.

மைதானத்துக்கு இரண்டு சிக்னல் முன்னால் வேனிலிருந்து இறங்கி ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் உடம்பைத் தளர்த்தி முடித்திருந்தார்கள். வெங்காய வாசனையோடு போய் நின்றேன்.

கோச் சல்மா துனிசியாக்காரி. தன் நாட்டுக்கு ஆடியவள். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்க்கவுமில்லை, திட்டவுமில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவள் போதும் என்று சொல்லும்வரை ஓடினேன். அதுவரை உள்ளே என் இடத்தில், அதே ஓர் இடத்துக்காக மணிலாவிலிருந்து வந்திருந்த ஜாய் ஆடிக்கொண்டிருந்தாள். இருபது வயது. தப்பு செய்துவிட்டுத் திரும்பி ஓடிப் பிடிக்கிற அளவு வேகம். எனக்கு அந்த வசதி இல்லை.

என்னை உள்ளே விட்டார்கள். இடதுபுறம் மைத்தா, துபாய்ப் பெண், நல்ல கால். கோலில் நூர், எகிப்துக்காரி. மற்றவர்களில் பாதிப்பேர் உள்ளூர் எமிராத்திகள், மீதிப்பேர் ஜோர்டான், லெபனான். ஆட்டம் தொடங்கியதும் வழக்கம்போல இங்கிலீஷில் கத்தினேன். எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியும் என்பது உண்மைதான். தண்ணீர் குடிக்கும்போது என்னைவிட நன்றாகப் பேசினார்கள். ஆனால் ஓடுகிற நேரத்தில் தலைக்குள் அதைத் திருப்பிப் புரிந்துகொள்ள ஒரு நொடி எடுத்தார்கள். அந்த ஒரு நொடியில் இரண்டு கோல் போனது.

முடிந்ததும் கோச் என்னைக் கூப்பிட்டாள். "நீ சரியான இடத்தில் நிற்கிறாய். நீ சொல்வதும் சரி. ஆனால் இவர்கள் காதில் அது விழவில்லை. வாய் பேசாத டிஃபெண்டரும் நீயும் எனக்கு ஒன்றுதான். சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது" என்றாள். முகத்தில் கோபமில்லை. எனக்குத்தான் என்மேல் கோபம்.

இரவு சாப்பாட்டில் மும்தாஜிடம் அரபி கேட்டேன்.

"எனக்கு சலாமுக்கு மேல ஒண்ணும் தெரியாதுடி. பத்து வருஷமா இந்தியிலயே ஓட்டிட்டேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் ஜமால் அண்ணன் பெருமையாக. "எவ்வளவு, குறைக்க முடியாது, நாளைக்கு வரும், பழசு இல்லை புதுசு. என் அரபி வெங்காயத்தோட நின்னுரும் தங்கச்சி."

ஃபோனில் தேடிப் பார்த்தேன். அழகான ஒரு பெண்மணி, அழகான அரபியில், நூலகம் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தாள். மூடிவைத்துவிட்டுப் பெரியப்பா மகன் செல்வம் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். அண்ணன் தொழிலாளர்கள் தங்குகிற சோனாப்பூர் கேம்ப்பில் இருக்கிறான். ஒன்பது வருஷமாகக் கட்டட வேலை. சாரம் கட்டுகிற குழு. எப்படியும் பார்க்கப் போவதாகத்தான் இருந்தேன்.

"அரபியா? எங்க ஃபோர்மேன் அரபிதான். அவரு பேசுறதத்தான் காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் கேக்குறோம். நாளைக்கு வெள்ளிக்கெழம, லீவு. வா பாப்பா" என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பஸ் மாறிப் போனேன். பஸ்ஸில் முன்பக்கம் பெண்களுக்கு. அந்தப் பகுதியில் நான் ஒருத்திதான்; பின்னால் இடமில்லாமல் நின்ற ஆண்கள் ஒருவர்கூட முன்னால் வந்து உட்காரவில்லை. நம் ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே உயரத்தில் கட்டடங்கள், பால்கனி பால்கனியாகத் துவைத்துப் போட்ட நீலச் சட்டைகள், தெரு முழுக்க ஆண்கள். கேம்ப்புக்குள் பெண்களை விடமாட்டார்கள். எதிரே ஒரு கேஃபடேரியாவின் வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அண்ணன் காத்திருந்தான். கூட அறைக்காரர்கள் நாலு பேர், எல்லோரும் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையில்.

"இளச்சிட்ட பாப்பா."

"நீ மட்டும் என்ன, சாரக்கம்பு மாதிரி இருக்க."

பரோட்டாவும் கரக் சாயாவும் வந்தன. கரக் என்பது பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, கெட்டியாகும்வரை காய்ச்சுகிற டீ. இரண்டு வாங்கிக் குடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். மேலே போ, பின்னால ஆள், விடு, பார்: இந்த நாலும் வேண்டும்.

அண்ணன் சிரித்துவிட்டான். "இவ்ளோதானா? இது இல்லாம சாரமே கட்ட முடியாதே. மேலன்னா ஃபோக். பின்னாலன்னா வரா. விட்டுடு, போதும்னா கலாஸ். பாருன்னா ஷூஃப். சீக்கிரம்னா யல்லா சுரா சுரா."

"யாராவது சும்மா நின்னா?"

"மாஃபி நோம்" என்றார்கள் ஐந்து பேரும் ஒரே குரலில். தூங்காதே என்று அர்த்தமாம். ஒரு நிமிஷம் இடுப்பில் கை வைத்து நின்றால் போதும், அது வந்து விழுமாம்.

நான் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் இல்லையென்று தலையாட்டினான். "இப்டி மெதுவா சொன்னா ஒருத்தனும் திரும்ப மாட்டான். அடித்தொண்டையிலேருந்து வரணும்." எழுந்து நின்று, வயிற்றைத் தள்ளி, ஃபோர்மேன் குரலில் "யல்லா! மாஃபி நோம்!" என்று ஒரு கத்து கத்தினான். இரண்டு மேஜை தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். பிறகு எங்களைப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்து உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது.

பக்கத்தில் ஒரு காலி மணல்மேடு. தண்ணீர் பாட்டில்களைக் கோலாக நட்டோம். அறைக்காரர்கள் நாலு பேர் என் தடுப்பு வரிசை, அண்ணன் செருப்புக் காலோடு எதிரணி. இஸ்திரி போட்ட சட்டை நனையும்வரை ஓடினார்கள். 'ஃபோக்' என்றால் ஏறினார்கள், 'வரா' என்றால் திரும்பினார்கள். யோசிக்கவே இல்லை. ஒரு சொல்லை இவர்களுக்குள் இப்படி ஆழமாக இறக்க எத்தனை வெயில் ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

"லீவு நாள்லயும் ஓட வுட்டுட்டியே பாப்பா" என்று அண்ணன் மூச்சு வாங்கினான். "மேட்சு எங்க?"

இடத்தைச் சொன்னேன். "அட, எங்க சைட்டுக்கு எதுத்தாப்ல வலை கட்டின கிரவுண்டு. டூட்டி முடிஞ்சதும் பஸ் அங்கேருந்துதான் கெளம்பும். பஸ் வர்ற வரைக்கும் பாக்கலாம்."

சனிக்கிழமை பஸ்ஸையும் நம்பவில்லை, ஜமால் அண்ணனையும் நம்பவில்லை. காலையிலேயே கிளம்பிவிட்டேன். மும்தாஜ் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை மைதானத்துக்குப் பக்கத்தில் பஸ் நிறுத்தத்தின் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கக்கூடக் குளிரூட்டிய கண்ணாடிக் கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். எதிரே முடியாத ஒரு கோபுரம், பாதி உயரம்வரை சாரம். அதில் நடமாடுகிற புள்ளிகளில் எது அண்ணன் என்று தெரியவில்லை.

விளக்கு போட்டதும் ஆட்டம், எங்களையே இரண்டு அணியாகப் பிரித்து. சிவப்பு அணியில் நான், மைத்தா, நூர். பச்சை அணியில் ஜாய். பச்சையில் ஆள் கொஞ்சம் பலவீனம் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

முதல் பந்து வந்தது. "ஃபோக்! ஃபோக்!" என்று கத்தினேன். தடுப்பு வரிசையில் மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். எதிரணிப் பெண் எங்களுக்குப் பின்னால் தனியாக நின்று ஆஃப்சைடில் மாட்டினாள். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெளிநாட்டு மைதானத்தில் என் குரலுக்கு முதல்முறை நாலு கால்கள் அசைகிற அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை ஊர் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம். "வரா!" என்றால் திரும்பினார்கள். "கலாஸ்!" என்றால் நூர் பந்தை விட்டாள். எல்லோர் முகத்திலும் என்னமோ ஒரு குழப்பம். நூர் ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். கவனிக்க நேரமில்லை.

பிறகு ஒரு பந்து இடதுபுறம் போனது. மைத்தா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்; அவளைத் தாண்டி ஒருத்தி ஓடுகிறாள். எனக்கு யோசிக்கவெல்லாம் நேரமில்லை. அடித்தொண்டையிலிருந்து வந்தது: "மாஃபி நோம்! யல்லா! சுரா சுரா!"

மைத்தா ஓடினாள். பந்தை வெளியே தட்டினாள். அப்புறம் நேராக என்னிடம் நடந்து வந்தாள்.

"என் அப்பாவின் சைட்டில் ஃபோர்மேன் இப்படித்தான் கத்துவார்" என்றாள் இங்கிலீஷில். "வேலையாட்களிடம். இதை எங்கே கற்றாய்?"

வலைக்கு வெளியே குபீரென்று ஒரு சிரிப்பு. திரும்பினேன். நீலச் சட்டை, மஞ்சள் மேல்சட்டை, கையில் ஹெல்மெட்டோடு இருபது முப்பது பேர் வலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் செல்வம் அண்ணன். காவலாளி உள்ளே விடவில்லை போலிருக்கிறது.

"அதோ, அவர்களிடம்" என்றேன். கை காட்டினேன். "அதில் ஒருத்தர் என் அண்ணன்."

மைத்தா அவர்களைப் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள். வலைக்கு வெளியே சிரிப்பு அடங்கியது. எனக்குக் காது சுட்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் வந்தது. ஆனால் தப்பாக நின்றது அவள். "நான் பேசியது முரட்டுத்தனமாக இருந்தால் மாற்றிக்கொள்கிறேன். நீ தூங்கினாயா இல்லையா, அதைச் சொல்" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் கோச் விசில் அடித்தாள்.

இடைவேளையில் கோச் என்னிடம் பச்சைச் சட்டையை நீட்டினாள். ஜாய்க்கு சிவப்பு. "அந்தப் பக்கம் போ. உன் சத்தம் அங்கே என்ன செய்கிறது என்று பார்க்கிறேன்" என்றாள். பலவீனமான அணி. ஏற்கெனவே ஒரு கோல் பின்னால். இது தண்டனையா பரீட்சையா என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

பச்சை அணியில் என் வலதுபுறம் லெபனான் பெண் ஒருத்தி, பயந்த சுபாவம். ஃபோர்மேன் குரல் அவளுக்கு ஆகாது என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்தது. சொல் அதேதான், குரலை மட்டும் குறைத்தேன். மற்றவர்களுக்குக் குறைக்கவில்லை. பத்து நிமிஷத்தில் நாங்கள் ஒரு வரிசையாக நின்றோம். பந்து எங்கள் பக்கமே சுற்றியது. உள்ளே மட்டும் போகவில்லை. தொண்டை கிழிந்தது. முட்டி வலிக்க ஆரம்பித்தது. வலிக்கட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மைத்தா பந்தோடு வந்தாள். அவள் டிஃபெண்டர், அவ்வளவு தூரம் ஏறி வர வேண்டியதே இல்லை. எனக்காகத்தான் வருகிறாள் என்பது அந்தக் கண்ணில் தெரிந்தது. ஓட்டப்பந்தயம் என்றால் நான் தோற்பேன், அது இருவருக்கும் தெரியும். அவள் எங்கே வரப்போகிறாளோ அந்த இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றேன். பந்து கொஞ்சம் நீண்டது. காலை நீட்டினேன். பந்து மட்டும் வந்தது, சுத்தமாக. அவள் உருண்டு விழுந்தாள்.

கை கொடுத்தேன். வாங்காமல் தானே எழுந்தாள்.

"நான் தூங்கவில்லை" என்றாள்.

"தெரியுது" என்றேன் தமிழில். புரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

கடைசிவரை எங்களுக்குக் கோல் போடத் தெரியவில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் எங்களுக்கும் விழவில்லை.

கோச் முதலில் ஜாயைக் கூப்பிட்டாள். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். ஜாய் சிரித்தாள். கோச் அவள் தோளில் தட்டினாள். நான் புல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சேலையில் விசிலோடு நிற்கிற என்னைப் பார்க்க முடிந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. இங்கே கூடாது, அஜ்மான் போய் மும்தாஜிடம் அழுதுகொள்ளலாம் என்று பல்லைக் கடித்தேன்.

"ஜாய் உன்னைவிட வேகம்" என்றாள் கோச், எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்து.

"ஆமாம்."

"வயது குறைவு."

"ஆமாம்."

"அடுத்த வருஷம் வா என்று சொல்லியிருக்கிறேன். அவள் வருவாள். இந்த வருஷம் என் பெண்களை எழுப்பி நிறுத்த ஓர் ஆள் வேண்டும். ஒரு சீசன்தான். அதற்கு மேல் வாக்குத் தர..."

"சரி" என்றேன்.

"நான் இன்னும் முடிக்கவில்லை."

"சரி" என்றேன் மறுபடியும்.

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "கொஞ்சம் நல்ல அரபியும் கற்றுக்கொள். ஆட்டம் பார்க்க அம்மாக்கள் வருவார்கள்."

எழுந்தேன். வலையை நோக்கி நடந்தேன். மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு நின்றான். சட்டையெல்லாம் சிமெண்ட்.

"அண்ணே, கெடச்சிடுச்சி."

அவன் வலைக்கண்ணி வழியாக விரல்களை நுழைத்தான். நான் பிடித்துக்கொண்டேன். சொரசொரவென்று இருந்தது.

"ஒம்போது வருஷமா அந்த யல்லாவக் கேட்டா நான் ஓடியிருக்கேன் பாப்பா. வேற ஒருத்தர் ஓடி இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது, என்னுடையதும். பச்சைச் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. "யல்லா! யல்லா!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கத்தியது. அண்ணன் என் விரலை விட்டான். ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தான். இன்னொரு முறை ஹாரன் அடித்தது.

அவன் ஓடவில்லை. நடந்தே போய் ஏறினான்.